78-க்குப் பக்கத்தில் ஓர் எச்

இரவு பத்தரை மணிக்கு மச்சானிடமிருந்து வாட்ஸ்அப்பில் ஒரு பி.டி.எஃப். வந்தது. பின்னாலேயே ஒரு குரல் பதிவு: "மாப்ள, ஈரல் போச்சுன்னு நெனைக்கிறேன். அக்காகிட்ட சொல்லிராத." அலுவலகத்தில் எல்லோருக்கும் இலவசமாகச் செய்த முழு உடல் பரிசோதனை அது. மூன்றாம் பக்கத்தில் எஸ்.ஜி.பி.டி. 78 என்று இருந்தது. அதன் பக்கத்தில் தடித்த எழுத்தில் ஓர் எச். அந்த வரிக்கு மேலே எஸ்.ஜி.ஓ.டி. 52, அதற்கும் ஓர் எச். மற்ற வரிகளில் எதுவும் இல்லை.

மச்சானுக்கு வயது 46. குடி கிடையாது, சிகரெட் கிடையாது. புரோட்டா உண்டு. மறுநாள் காலையில் நான் போனபோது அம்மியில் கீழாநெல்லி அரைபட்டுக்கொண்டிருந்தது. அக்காவிடம் யாரும் சொல்லவில்லை, ஆனால் அரைத்தது அக்காதான்.

ஒரு காலத்தில் நான் ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை பார்த்தவன். அதனால் எங்கள் குடும்பத்தில் யாருக்கு ரிப்போர்ட் வந்தாலும் முதலில் என்னிடம்தான் வரும். அப்படி வரும் எல்லோரும் கேட்பது ஒரே கேள்வி: "எவ்வளவு கூட?" எண் கூடினால் ஈரல் கெட்டது, குறைந்தால் தேறியது என்று பள்ளிக்கூட மதிப்பெண்ணைத் தலைகீழாக்கிப் படிக்கிறார்கள். இந்தப் படிப்புத்தான் பிசகு.

எங்கள் ஊர்ப் பக்கம் அரிசிக் கிட்டங்கிகள் உண்டு. வாசலில் அரிசி சிந்திக் கிடந்தால் உள்ளே மூட்டை கிழிந்திருக்கிறது என்று அர்த்தம். நிறையச் சிந்தியிருந்தால் நிறைய மூட்டை கிழிந்திருக்கிறது. ஆனால் உள்ளே எத்தனை மூட்டை மிச்சம் இருக்கிறது என்பதை வாசல் சொல்லாது. எஸ்.ஜி.பி.டி. என்பது அந்த வாசல் அரிசி. அது கல்லீரல் செல்லுக்குள் வேலை பார்க்க வேண்டிய ஒரு நொதி. அலனைன் என்ற அமினோ அமிலத்திலிருந்து ஒரு தொகுதியைக் கழற்றி வேறொரு மூலக்கூறில் மாட்டுவது அதன் பிழைப்பு. செல்லுக்குள் அதன் செறிவு, ரத்தத்தில் இருப்பதைவிட ஆயிரக்கணக்கான மடங்கு. ஆரோக்கியமான ஆளிடமும் பழைய செல்கள் செத்துப் புதியவை வருவதால் கொஞ்சம் கசிந்துகொண்டே இருக்கும். செல்லின் சவ்வு பழுதானால் கசிவு கூடும். ரத்தத்துக்கு வந்துவிட்ட நொதிக்கு அங்கே ஒரு வேலையும் இல்லை.

"லிவர் ஃபங்க்ஷன் டெஸ்ட்" என்று தலைப்புப் போட்டு இந்த எண்களை முதலில் அச்சடிப்பதில்தான் குழப்பம் தொடங்குகிறது. ஈரல் எப்படி வேலை செய்கிறது என்பதை இந்த நொதிகள் சொல்வதில்லை. அடிபடுகிறதா என்று மட்டும் சொல்கின்றன.

இந்தக் கசிவை முதலில் கவனித்தவர்கள் தேடிப்போனது ஈரலை அல்ல, இதயத்தை. 1954-ல் நியூயார்க்கின் ஸ்லோன் கெட்டரிங் நிறுவனத்தைச் சேர்ந்த ஜான் லாட்யூ, ஃபெலிக்ஸ் ரோப்லெவ்ஸ்கி, ஆர்தர் கார்மென் மூவரும் மாரடைப்பு வந்தவர்களின் ரத்தத்தில் எஸ்.ஜி.ஓ.டி. என்ற நொதி எகிறுவதை சயன்ஸ் இதழில் வெளியிட்டார்கள். இதயத் தசையும் அந்த நொதியை வைத்திருப்பதால் மாரடைப்பில் அதுவும் கசிகிறது. அடுத்த ஆண்டு இத்தாலியின் நேப்பிள்ஸ் நகரில் ஃபெர்னாண்டோ டி ரிட்டிஸ் குழுவினர் வைரஸ் காமாலையில் இந்த நொதிகள் உயர்வதைக் கண்டார்கள். இதயத்துக்கு இன்று டிரோபோனின் என்ற பரிசோதனை வந்துவிட்டது. எஸ்.ஜி.ஓ.டி. ஈரல் பக்கமே தங்கிவிட்டது. உலகம் எஸ்.ஜி.ஓ.டி.யை ஏ.எஸ்.டி. என்றும் எஸ்.ஜி.பி.டி.யை ஏ.எல்.டி. என்றும் பெயர் மாற்றிப் பல காலம் ஆயிற்று. நம் ஊர் லேப்கள் பழைய பெயரை விட மனமில்லாமல் இரண்டையும் சேர்த்தே அச்சடிக்கின்றன.

லேபில் இதை எப்படி அளக்கிறார்கள் என்பது எனக்குப் பிடித்த பகுதி. நொதியை யாரும் எண்ணுவதில்லை. அது எவ்வளவு வேகமாக வேலை செய்கிறது என்று பார்க்கிறார்கள். ரத்தத்தைச் சுழற்றிப் பிரித்தெடுத்த சீரத்தில் அலனைனைக் கொடுத்தால் நொதி அதைப் பைருவேட்டாக மாற்றும். பக்கத்திலேயே காத்திருக்கும் இன்னொரு நொதி அந்தப் பைருவேட்டை லாக்டேட்டாக மாற்றும்போது என்.ஏ.டி.எச். என்ற பொருள் ஒவ்வொன்றாகச் செலவாகும். அந்தப் பொருள் 340 நானோமீட்டர் புற ஊதாக் கதிரை உறிஞ்சக்கூடியது. அது தீரத் தீர, குப்பியைத் தாண்டி வரும் ஒளி கூடும். எந்திரம் அந்த வேகத்தைக் கணக்கிட்டு எண்ணாகத் தருகிறது. மச்சானின் 78 என்பது, 37 டிகிரி சூட்டில் ஒரு லிட்டர் சீரம் ஒரு நிமிடத்தில் 78 மைக்ரோமோல் மாற்றியிருக்கும் என்பதுதான்.

எந்திரத்தில் வைப்பதற்கு முன் குப்பியைத் தூக்கி வெளிச்சத்தில் பார்ப்பது எங்கள் பழக்கம். நல்ல சீரம் வைக்கோல் நிறத்தில் இருக்கும். காமாலை ஆளுடையது அடர்மஞ்சளாக, நல்லெண்ணெய் மாதிரி. கொழுப்பு கூடிய ஆளுடையது மோர் கலந்தாற்போல் கலங்கியிருக்கும். சில சமயம் ரோஜா நிறத்தில் வரும். ஊசி சரியாக ஏறாமல் இழுத்து இழுத்து எடுத்ததில் சிவப்பணுக்கள் உடைந்துவிட்டன என்று பொருள். சிவப்பணுவிலும் எஸ்.ஜி.ஓ.டி. இருக்கிறது. ரோஜாக் குப்பி, ஆளுக்கு இல்லாத நோயை எண்ணில் காட்டிவிடும். அதைத் திருப்பி அனுப்பி வேறு ரத்தம் கேட்டால் வார்டில் திட்டுவார்கள். திட்டு வாங்கியாவது கேட்பதுதான் முறை.

எஸ்.ஜி.பி.டி. பெரும்பாலும் ஈரலின் சொத்து. எஸ்.ஜி.ஓ.டி.யோ இதயம், எலும்புத் தசை, சிவப்பணு எல்லாவற்றிலும் பங்கு வைத்திருப்பது. அதனால் இரண்டையும் பக்கத்தில் வைத்துத்தான் படிக்க வேண்டும். ஜிம்மில் சேர்ந்த முதல் வாரத்தில் வெறியோடு எடை தூக்கிய பையனுக்கு இரண்டுமே கூடும், ஒரு வாரம் வரைகூட இறங்காது. அவன் ஈரலுக்கு ஒன்றுமில்லை, தசைதான் கிழிந்திருக்கிறது. டூஷென் என்ற தசைச்சிதைவு நோய் உள்ள சிறுவர்கள் சிலர், இந்த எண்களைப் பார்த்து ஈரல் நோய் என்று நினைக்கப்பட்டு மாதக்கணக்கில் ஈரல் மருத்துவர்களிடம் அலைவதுண்டு. சி.கே. என்ற தசை நொதியை ஒருமுறை பார்த்தாலே போதும், விஷயம் தெரிந்துவிடும்.

டெங்குவிலும் எஸ்.ஜி.ஓ.டி.தான் முந்தும். குடியிலும் அதுதான் முந்தும், ஆனால் காரணம் வேறு. ஈரல் செல்லுக்குள் மைட்டோகாண்ட்ரியாவில் எஸ்.ஜி.ஓ.டி.யின் பெரும்பங்கு இருக்கிறது, சாராயம் அங்கேதான் கை வைக்கிறது. அதோடு, நீண்ட நாள் குடிப்பவர்களுக்கு வைட்டமின் பி6 குறைந்துபோகும். பி6 இல்லாவிட்டால் எஸ்.ஜி.பி.டி.யால் சரியாக வேலை செய்ய முடியாது. மேலே சொன்னேனே, எந்திரம் வேகத்தைத்தான் அளக்கிறது; எண் குறைவாகத் தெரியும். குடியால் வந்த ஈரல் அழற்சியில் எஸ்.ஜி.ஓ.டி., எஸ்.ஜி.பி.டி.யைப்போல இரண்டு மடங்குக்கு மேல் நிற்பது இப்படித்தான். அதே நேரம் எண் அவ்வளவு பெரிதாகவும் இருக்காது, 300-ஐத் தாண்டுவது அபூர்வம். ஆயிரக்கணக்கில் எண் வந்தால் மருத்துவர் வேறு பக்கம் தேடுவார்: வைரஸ், பாராசிட்டமால் அளவு மீறியது, ரத்த ஓட்டம் தடைப்பட்டது.

மச்சானுக்கு 78-க்கு 52. எஸ்.ஜி.பி.டி.தான் முந்தி நிற்கிறது. குடி இல்லாத கொழுப்பு ஈரல் ஆரம்பக் கட்டத்தில் இப்படித்தான் நிற்கும்.

பட்டியலில் அடுத்து வருவது ஆல்கலைன் பாஸ்பேட்டேஸ். பித்தநீர்ப் பாதையில் அடைப்பு இருந்தால் இது ஏறும். எலும்பிலும் இருப்பதால் வளரும் பிள்ளைகளுக்கும், நஞ்சுக்கொடியிலும் இருப்பதால் நிறைமாதக் கர்ப்பிணிகளுக்கும் இயல்பாகவே கூடியிருக்கும். காரணம் ஈரலா எலும்பா என்று சந்தேகம் வந்தால் ஜி.ஜி.டி.யைப் பார்ப்பார்கள். எலும்புக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

பிலிருபின் வேறு கதை. சிவப்பணு சுமார் 120 நாள் வாழும். அது உடையும்போது ஹீமோகுளோபினிலிருந்து கிடைக்கும் மஞ்சள் கழிவுதான் பிலிருபின். ஈரல் அதைக் கரையும்படி மாற்றிப் பித்தநீரில் விடுகிறது. தேங்கினால் கண் வெள்ளையில் மஞ்சள் ஏறும். காமாலைக் கண்ணுக்குக் கண்டதெல்லாம் மஞ்சள் என்கிறோமே, மஞ்சள் ஏறுவது வெள்ளை விழியில். பார்ப்பவர்களுக்குத்தான் மஞ்சளாகத் தெரியுமே தவிர நோயாளிக்கு உலகம் பழைய நிறத்தில்தான் இருக்கும். இன்னொன்று: பிலிருபின் மட்டும் 1.8, 2.2 என்று நின்று மற்ற எல்லாம் சரியாக இருந்தால், அதிலும் மாற்றப்படாத பிலிருபினே மிகுதி என்றால், அது பெரும்பாலும் கில்பர்ட் என்ற பிறவி இயல்பு. நூற்றில் சிலருக்கு உண்டு. ஒரு நொதி கொஞ்சம் சோம்பல், அவ்வளவுதான். விரதம் இருந்தால் ஏறும். சஷ்டி விரதத்தின் நடுவில் ரத்தம் கொடுத்துவிட்டுப் பயந்துபோய் வந்தவரை எனக்குத் தெரியும்.

ஈரலின் உண்மையான உழைப்பு தெரிய வேண்டுமானால் எவரும் கண்டுகொள்ளாத இரண்டு வரிகளுக்குப் போக வேண்டும். ஒன்று ஆல்புமின். ரத்தத்தில் நீரைப் பிடித்து வைக்கும் இந்தப் புரதத்தை ஈரல் மட்டுமே செய்கிறது. அதன் அரை ஆயுள் மூன்று வாரம்போல என்பதால் நாள்பட்ட நோயில்தான் இது மெல்ல இறங்கும். இன்னொன்று ரத்தம் உறையும் நேரம், ஐ.என்.ஆர். என்று எழுதுவார்கள். உறைதலுக்கான காரணிகளில் ஏழாவதன் அரை ஆயுள் ஆறு மணி நேரம் அளவுதான். இன்று காலை ஈரல் உற்பத்தியை நிறுத்தினால் நாளைக்குள் ஐ.என்.ஆர். சொல்லிவிடும்.

பாராசிட்டமாலை அளவுக்கு மீறி விழுங்கியவர்களுக்கு எஸ்.ஜி.பி.டி. 10,000-ஐக்கூடத் தாண்டும். மூன்றாம் நாள் நான்காம் நாள் அது மளமளவென்று இறங்கும்போது வீட்டார் முகம் மலரும். மருத்துவர் மட்டும் ஐ.என்.ஆர். எங்கே என்று தேடிக்கொண்டிருப்பார். ஐ.என்.ஆரும் சேர்ந்து இறங்கினால் ஈரல் தேறுகிறது. நொதி இறங்கி ஐ.என்.ஆர். ஏறினால், பிலிருபினும் ஏறினால், கிட்டங்கியில் சிந்துவதற்கு இனி அரிசி இல்லை. நோயாளி பேச்சுக் குழறி, பகலெல்லாம் தூங்கத் தொடங்கினால் அது களைப்பு அல்ல.

கல்லீரல் என்ற பெயரை யார் வைத்தார்களோ. கறிக்கடையில் ஆட்டு ஈரலைக் கையில் வாங்கிப் பார்த்தால் தெரியும்: வழுவழுவென்று கருஞ்சிவப்பாக, விரலால் அமுக்கினால் அமுங்கும். நம்முடையதும் அப்படித்தான், சுமார் ஒன்றரைக் கிலோ, நிமிடத்துக்கு ஒன்றரை லிட்டர் ரத்தம் அதன் வழியே போகிறது. பெயருக்கேற்பக் கல்லாவது நோயில்தான். அடிபட்ட இடமெல்லாம் தழும்பேறி, ஆண்டுக்கணக்கில் தழும்பு தழும்பாகச் சேர்ந்து இறுகிவிட்டால் அதுதான் சிரோசிஸ். அந்தக் கட்டத்தில் நொதிகள் இயல்பாகவே இருக்கக்கூடும். கசியும் செல்கள் குறைந்துவிட்டன. தழும்புக்கு நொதி ஏது?

எவ்வளவு கல்லாகிவிட்டது என்பதை அளக்க இப்போது ஃபைப்ரோஸ்கேன் இருக்கிறது. விலா எலும்புகளுக்கு நடுவே ஒரு குமிழை வைத்து மெல்லத் தட்டுவார்கள். அந்த அதிர்வு ஈரலுக்குள் போகும் வேகத்தை அல்ட்ராசவுண்ட் பின்தொடரும். பூசணி பழுத்ததா என்று தட்டிப் பார்ப்பதுபோலத்தான், இறுகியிருந்தால் அலை வேகமாகப் போகும். விடை கிலோபாஸ்கலில் வரும். 5 என்பது நல்ல ஈரல்.

அந்த எந்திரம் இல்லாத ஊரிலும் ஒரு கணக்குப் போடலாம். ஃபிப்-4 என்று பெயர். வயதை எஸ்.ஜி.ஓ.டி.யால் பெருக்க வேண்டும். எஸ்.ஜி.பி.டி.யின் வர்க்கமூலத்தைப் பிளேட்லெட் எண்ணிக்கையால், ஆயிரங்களில், பெருக்க வேண்டும். முதலாவதை இரண்டாவதால் வகுத்தால் விடை. பிளேட்லெட் இங்கே எதற்கு? ஈரல் இறுகினால் அதற்குள் போக வேண்டிய ரத்தம் தேங்கி மண்ணீரல் வீங்கும். வீங்கிய மண்ணீரல் பிளேட்லெட்டுகளைப் பிடித்து வைத்துக்கொள்ளும்.

மச்சானின் ரிப்போர்ட்டைப் புரட்டிப் பிளேட்லெட்டைத் தேடினேன். 2,40,000. கைபேசியில் கணக்குப் போட்டேன்: 1.13. 1.3-க்குக் கீழே இருந்தால் பெரிய தழும்பு இருக்க வாய்ப்புக் குறைவு. இப்போது வேறோர் ஆளைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். வயது 58. எஸ்.ஜி.பி.டி. 36, எச் கிடையாது. எஸ்.ஜி.ஓ.டி. 48, ஏதோ கொஞ்சம் கூட. பிளேட்லெட் 1,10,000. ரிப்போர்ட்டைப் பார்த்தால் மச்சானைவிட நல்ல ஆள். கணக்குப் போட்டால் 4.2 வருகிறது. 2.67-க்கு மேல் போனாலே ஈரல் மருத்துவரைப் பார்த்தாக வேண்டும். இந்த ஆள் பயப்படாமல் வீட்டுக்குப் போய்விடுவார். மச்சான் இரவெல்லாம் தூங்காமல் கிடக்கிறார்.

அந்த எச் எங்கிருந்து வருகிறது என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆரோக்கியமானவர்கள் என்று நம்பும் ஒரு கூட்டத்தை அளந்து, நடுவில் உள்ள 95 சதவீதத்தை "இயல்பு" என்று வைப்பார்கள். ஆகவே நல்ல ஆட்களிலேயே நாற்பதில் ஒருவருக்கு எச் விழும். இருபது பரிசோதனை சேர்ந்த பேக்கேஜ் எடுத்தால், ஒன்றுக்கொன்று தொடர்பில்லாதவை என்று வைத்துக்கொண்டால், ஒரு நோயுமில்லாத ஆளுக்கும் ஏதோ ஒன்றில் எச் அல்லது எல் விழ 64 சதவீத வாய்ப்பு. இது ஒரு பக்கம். அந்த "ஆரோக்கியமான" கூட்டத்திலேயே கொழுப்பு ஈரல் ஆட்கள் ஒளிந்திருந்தால் எல்லை உயர்ந்துவிடும் என்பது இன்னொரு பக்கம். 2002-ல் மிலான் நகரில் டானியேலே பிராட்டி குழுவினர் ஏறத்தாழ 7,000 ரத்தக் கொடையாளர்களின் தகவல்களை அலசி, பருமனும் சர்க்கரையும் கொழுப்பும் உள்ளவர்களைக் கழித்துவிட்டுக் கணக்குப் பார்த்தார்கள். ஆணுக்கு 30, பெண்ணுக்கு 19 என்று எல்லை இறங்கியது. நம் லேப்களில் 40 என்றும் 55 என்றும் இருக்கிறது. 45 வந்த பெண்ணுக்கு ஒரு லேப் எச் போடும், அடுத்த தெரு லேப் போடாது.

மச்சானை மருத்துவரிடம் அழைத்துப் போனேன். அவர் முதலில் கேட்டது இடுப்புச் சுற்றளவை, பிறகு வீட்டில் சாப்பிடும் மாத்திரைகளின் பெயரை. ஹெபடைடிஸ் பி, சி இரண்டுக்கும் பரிசோதனை எழுதினார், இரண்டும் இல்லை என்று வந்தது. ஸ்கேனில் கொழுப்பு ஈரல். 1980-ல் மாயோ கிளினிக்கின் யூர்கன் லுட்விக், குடிக்காத இருபது பேரின் ஈரலில் குடிகாரர் ஈரலின் அடையாளங்களைக் கண்டு அதற்கு ஒரு பெயர் வைத்தார். அன்று அது வினோதம். இன்று ஸ்கேன் எடுக்கும் இடங்களில் கொழுப்பு ஈரல் தினமும் கேட்கும் சொல். "அவ்வளவு குண்டா இல்லையே நான்" என்றார் மச்சான். தெற்காசிய உடம்பு கொழுப்பைத் தோலுக்கடியில் வைக்காமல் வயிற்றுக்குள் வைத்துக்கொள்ளும் ரகம். அதனால்தான் நமக்கு உடல் நிறைக் குறியீடு 23-ஐத் தாண்டினாலே எச்சரிக்கிறார்கள். எடையில் 5 சதவீதம் குறைந்தால் ஈரல் கொழுப்புக் கரையத் தொடங்கும், 10 சதவீதம் குறைந்தால் தழும்பும் இளகலாம். 82 கிலோ ஆளுக்கு அது எட்டுக் கிலோ. மருத்துவர் மருந்து எதுவும் எழுதாததில் மச்சானுக்கு வருத்தம்தான்.

"அப்ப கீழாநெல்லி?" என்று அக்கா கேட்டாள். இந்தக் கேள்விக்கு ஒரு நிஜமான வரலாறு உண்டு. ஹெபடைடிஸ் பி வைரஸைக் கண்டறிந்து 1976-ல் நோபல் பரிசு பெற்ற பரூக் புளூம்பெர்க், சென்னைப் பல்கலைக்கழக விஞ்ஞானி எஸ்.பி. தியாகராஜன் குழுவினரோடு சேர்ந்து கீழாநெல்லியை ஆராய்ந்தார். 1988-ல் லான்செட் இதழில் வந்த அவர்களது கட்டுரையில், அந்த வைரஸைச் சுமந்திருந்த 37 பேருக்கு முப்பது நாள் மருந்து கொடுத்ததில் 22 பேரின் ரத்தத்திலிருந்து வைரஸின் அடையாளம் மறைந்திருந்தது. வெற்று மாத்திரை சாப்பிட்ட 23 பேரில் ஒருவருக்கு மட்டும். உலகமே திரும்பிப் பார்த்தது. பிறகு தாய்லாந்திலும் நியூசிலாந்திலும் செய்து பார்த்தபோது அந்தப் பலன் கிடைக்கவில்லை. மஞ்சள் காமாலைக்குக் கீழாநெல்லி கைகண்ட மருந்து என்று நம் ஊரில் சொல்வதற்குக் காரணம் வேறு என்று நினைக்கிறேன். தண்ணீரில் வரும் ஹெபடைடிஸ் ஏ, பெரும்பாலானவர்களுக்குச் சில வாரங்களில் தானே போய்விடும். அந்தச் சில வாரமும் நாம் மோரில் கீழாநெல்லி குடித்துக்கொண்டிருக்கிறோம்.

கீழாநெல்லியைவிட எனக்குப் பயம் மாத்திரை வடிவில் வரும் "இயற்கை" மீதுதான். கொரோனா காலத்தில் எதிர்ப்புச் சக்திக்கென்று சீந்தில் சாப்பிட்ட ஆறு பேருக்கு ஈரல் பாதித்ததை மும்பை மருத்துவர்கள் 2021-ல் எழுதினார்கள். ஆயுஷ் அமைச்சகம் அதை ஏற்கவில்லை. குழம்பில் போடும் மஞ்சள் ஒன்றும் செய்யாது. ஆனால் மஞ்சளின் சத்தைப் பிழிந்து, உடம்பில் ஏறுவதற்காக மிளகின் பைப்பரினையும் சேர்த்து வில்லையாக்கி விற்கிறார்களே, அதனால் ஈரல் அழற்சி வந்தவர்கள் அமெரிக்காவில் பதிவாகியிருக்கிறார்கள். மாத்திரை என்ன சாப்பிடுகிறீர்கள் என்று மருத்துவர் கேட்டபோது மச்சான் இல்லை என்றுதான் சொன்னார். வீட்டில் வந்து பார்த்தால் டப்பா நிறைய இருந்தது. "இது மாத்திரை இல்ல மாப்ள, இயற்கை."

டப்பாவை எடுத்து வைத்துவிட்டேன். மூன்று மாதம் கழித்து அடுத்த ரிப்போர்ட் வந்தது, இந்த முறை பகலில். எடை 77. எஸ்.ஜி.பி.டி. 47. வேறு லேப், அங்கே எல்லை 55, எச் இல்லை. "பாத்தியா, எச் போயிருச்சு" என்றார். "மச்சான், பழைய லேப்ல எடுத்திருந்தா இருந்திருக்கும்" என்றேன். கொஞ்ச நேரம் பதில் வரவில்லை. பிறகு ஒரு குரல் பதிவு: "சரி, அந்தப் பிளேட்லெட் எந்தப் பக்கத்துல இருக்கு?"